மலக்குழியைத் திறக்கும் முன் டெண்டரைத் திறப்போம்

ஹேக்கத்தான் நடக்காத பொறியியல் கல்லூரி இப்போது அநேகமாக இல்லை. 36 மணி நேரம், இலவச பீட்சா, சுவரெங்கும் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள், கடைசியில் ஒரு பரிசுக் காசோலை. கொடுக்கப்படும் தலைப்புகளில் 'நகர்ப்புறத் தூய்மை' என்று ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொள்ளும் அணிகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்துகாட்டும். ஒன்று, சாக்கடைக்குள் இறங்கும் குட்டி ரோபோ. இல்லையென்றால், விஷவாயு இருந்தால் கைபேசிக்குத் தகவல் அனுப்பும் சென்சார். அந்த மாணவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. பலர் இரவெல்லாம் விழித்து உண்மையாகவே உழைக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. மலக்குழியில் ஒரு மனிதர் இறங்குவதற்குக் காரணம் ரோபோ இல்லாததுதான் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

'ஹேக்கரைப் போல யோசி' என்பது தொழில்முனைவு வகுப்புகளின் மந்திரமாகிவிட்டது. நம் செய்தித்தாள்களில் ஹேக்கர் என்றால் வங்கிக் கணக்கைத் திருடுபவர். அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்த இடத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடியில் பொம்மை ரயில் மன்றம் ஒன்று இருந்தது. அங்கே சிலர் ரயில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசினார்கள். வேறு சிலர் மேசைக்கு அடியில் தவழ்ந்து, தொலைபேசி இணைப்பகங்களின் பாகங்களைக் கொண்டு, எந்தச் சுவிட்சைத் தட்டினால் எந்தத் தண்டவாளம் உயிர்பெறும் என்று பின்னிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் இருந்தவர்கள்தான் ஹேக்கர்கள். ஓர் அமைப்பு எப்படி இயங்குவதாகச் சொல்லப்படுகிறது என்பதை விட்டுவிட்டு, உண்மையில் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது அவர்கள் பழக்கம். ஸ்டீவன் லெவி 1984இல் எழுதிய நூலில் இவர்களுடைய அறத்தைத் தொகுத்தார். பட்டம், வயது, இனம், பதவி எதையும் பாராமல் செய்த வேலையை வைத்தே ஒருவரை மதிப்பிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்ததும் அது நமக்கு நன்கு பழகிய 'தகுதி, திறமை' பாட்டாக மாறிவிட்டது. "கோடுக்குச் சாதி கிடையாது" என்று சொல்லிக்கொள்ளும் தொழில்துறை, அந்தக் கோடை எழுத உட்கார யாருக்கு நாற்காலி கிடைத்தது என்று கேட்பதில்லை. தலைமுறைகளாகச் சேர்ந்த சாதிச் சலுகை எப்படித் 'தகுதி' என்ற பெயரில் மறுபிறப்பு எடுக்கிறது என்பதை, சென்னை ஐஐடியை முன்வைத்து 2019இல் வெளிவந்த தன் நூலில் அஜந்தா சுப்ரமணியன் விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த வாதத்தை இங்கே மறுபடி நடத்தப் போவதில்லை. ஹேக்கர் மனநிலையை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதைச் சாதியின் மீதே திருப்பினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறேன். அதற்கு மலக்குழியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தக் குழியின் ஓரத்தில் நிற்பவரைப் பார்ப்போம். அனுபவம் உள்ள தொழிலாளர்கள் மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விடுவார்கள். தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போட்டுப் பார்ப்பார்கள். கரப்பான்பூச்சிகள் உயிரோடு ஓடுகின்றனவா என்று பார்ப்பார்கள். கையேடு இல்லாத, வரைபடம் கொடுக்கப்படாத ஓர் அமைப்பை அதன் அறிகுறிகளை மட்டும் வைத்துப் படிக்கிறார்கள். எம்ஐடி மாணவர் மேசைக்கு அடியில் செய்ததும் இதுதான். வித்தியாசம், இங்கே தவறு நேர்ந்தால் ரயில் நிற்காது, மூச்சு நிற்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடும்போது அதே வாயு மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிடும். 'நாற்றம் குறைந்துவிட்டது' என்று தோன்றும் நேரமே ஆபத்து முற்றிய நேரம். மீத்தேன் நிறைந்திருந்தால் சோதிக்கப் போட்ட தீக்குச்சியே வெடிப்புக்குக் காரணமாகும்.

இந்த அறிவை யாரும் 'புத்தாக்கம்' என்று அழைப்பதில்லை. அழைக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. இல்லாமையில் பிறக்கும் சமாளிப்பை 'ஜுகாட்' என்று கொண்டாடி மேலாண்மை நூல்கள் எழுதுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. சமாளித்தவருக்கு அந்தத் தொழிலில் பங்கு கிடையாது. உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடத்துக்கு மெடல் கொடுப்பதைவிட, அதைக் கற்கவேண்டிய தேவையையே ஒழிப்பதுதான் மரியாதை.

ரோபோ அந்தத் தேவையை ஒழிக்காதா? ஓரளவு ஒழிக்கும். 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் இறங்கிய தொழிலாளர்கள் இருவரும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அதன்பின் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் சிலர் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. சென்னை ஐஐடியில் கழிவுநீர்த் தொட்டிகளுக்காக 'ஹோமோசெப்' என்ற கருவி உருவானது. இந்த இரண்டாவதில் நான் கவனிப்பது அதன் சுழலும் கத்திகளை அல்ல. சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் துணையோடு, தூய்மைப் பணியில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்கு முதல் கருவிகள் கொடுக்கப்பட்டன. 'இது யாருக்குச் சொந்தம்?' என்ற கேள்வியும் கருவியின் வடிவமைப்பில் ஒரு பகுதிதான் என்று யாரோ அங்கே யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் நல்ல கருவி வந்தால் சாவு நிற்கும் என்பது உண்மையானால், அது எப்போதோ நின்றிருக்க வேண்டும். அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டியும், கழிவை உறிஞ்சும் லாரியும் நேற்று வந்தவையல்ல. பல நகராட்சிகளின் வளாகத்திலேயே நிற்கின்றன. அப்படியும் 1993க்குப் பிறகான மலக்குழி மரணங்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாட்டைத்தான் முதலிடத்தில் பார்க்கிறோம். பெரியார் மண் என்று மார்தட்டும் நமக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை. வண்டி இருந்தும் மனிதர் ஏன் இறங்குகிறார் என்பதுதான் ஹேக்கர் கேட்கவேண்டிய கேள்வி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹேக்கிங்கில் சாதிய அரசு நம்மைவிடத் தேர்ந்தது. 2013ஆம் ஆண்டின் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் அதே சட்டம், ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்புச் சாதனங்களோடும் மலத்தை அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று ஒரு விளக்கக் குறிப்பையும் வைத்திருக்கிறது. சாக்கடைக்குள் இறங்குவது 'அபாயகரமான சுத்தம் செய்தல்' என்று வேறொரு தலைப்பில் வருகிறது. இந்த இரண்டு கதவுகள் வழியாக என்ன நுழைந்தது தெரியுமா? கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று 2021இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசால் சொல்ல முடிந்தது. சாக்கடையிலும் தொட்டியிலும் செத்தவர்களின் எண்ணிக்கை அதே அரசின் வேறொரு பத்தியில் இருந்தது. ஒரு வரையறையை வைத்து நூற்றுக்கணக்கான பிணங்களை மறைத்த இந்த வித்தையை எந்த ஹேக்கத்தானும் மிஞ்சாது. 2023 நிதிநிலை அறிக்கையில் 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆகும் என்றார்கள். பெயர் மாறியது. உள்ளே போகும் ஆளின் சாதி மாறவில்லை. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்கள் சுமார் 38,000 பேரிடம் ஒன்றிய அரசே எடுத்து, 2024இல் வெளிவந்த விவரப்படி, 91.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டுமே 68.9 விழுக்காடு.

ஆக ஒடுக்குமுறை எழுதப்பட்டிருக்கும் இடம் வரிகள்: சட்டத்தின் வரி, விதியின் வரி, ஒப்பந்தத்தின் வரி. அதை மாற்றுவதும் ஹேக்கர்களுக்குப் புதிதல்ல. ஹேக்கர் உலகின் ஆகச் சிறந்த ஹேக் எது என்று கேட்டால், நான் எந்த மென்பொருளையும் சொல்லமாட்டேன். 1989இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தைச் சொல்வேன். பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளைப் பூட்டிவைக்கப் பயன்பட்டது. ஸ்டால்மன் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடவில்லை, அதையே எடுத்துத் திருப்பிப் போட்டார். 'இது என் உரிமை. இதை யாரும் எடுத்துத் திருத்தலாம். திருத்தியதை வெளியே கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.' பூட்டும் சாவியாலேயே திறந்துவைத்தார்.

இதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே நாம் இதைச் செய்திருக்கிறோம். ஐயர் இல்லாமல், தீ வலம் வராமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இயக்கத்தின் மேடைகளில் மணம் முடித்த ஆயிரக்கணக்கானவர்களின் உறவும், அவர்களின் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயின. 1967இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்துக்குள் 7ஏ என்ற ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தது. மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். அந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே 'மற்றும்' என்று இருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். ஒரு சொல் அதை விருப்பமாக்கியது. முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அதே பிரிவு சேர்த்துச் சொன்னது. பிராமண மந்திரம் காவல்காத்த சட்டத்துக்குள்ளேயே புகுந்து, அதன் மொழியிலேயே எழுதிய திருத்தம் அது. 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை மேலும் விரித்து, இதற்குப் பொது அறிவிப்பெல்லாம் தேவையில்லை என்றது. வீட்டுக்குத் தெரியாமல் சாதி மறுத்து மணக்கும் இருவருக்கு அந்தத் தீர்ப்பு உயிர்ப் பிரச்சினை. ஆணவக் கொலைகளை அது நிறுத்திவிடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றுதான் நாம் அடுத்த சண்டையைப் போடுகிறோம்.

மலக்குழியில் இந்தச் சொல் எங்கே இருக்கிறது? டெண்டரில்.

நகராட்சியோ குடிநீர் வாரியமோ அடைப்பெடுக்கும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடும்போது ஓர் ஆவணம் எழுதுகிறது. யாரும் படிக்க விரும்பாத, பல பத்துப் பக்கங்கள் நீளும் ஆவணம். முந்தைய ஆண்டுகளில் இவ்வளவு வரவுசெலவு காட்டியிருக்க வேண்டும், இதே போன்ற வேலையை முன்பே செய்திருக்க வேண்டும், இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், வங்கியின் சொத்துச் சான்று வேண்டும். இவற்றில் எந்த வரியிலும் சாதி என்ற சொல் இருக்காது. நான்கு தலைமுறையாகச் சாக்கடைக்குள் இறங்கிய குடும்பத்தின் அனுபவம் இங்கே அனுபவமாகக் கணக்கில் வராது. சாக்கடையைக் கண்ணால் பார்த்திராத முதலாளியின் கணக்குப் புத்தகம் அனுபவமாகும். வேலை அவர் கைக்குப் போகும். அவரிடமிருந்து உள் ஒப்பந்தக்காரருக்கு, அங்கிருந்து மேஸ்திரிக்கு, மேஸ்திரியிடமிருந்து காலையில் கூலிக்கு நிற்பவருக்கு. செத்துப்போனால் யார் முதலாளி என்று தேடுவதற்குள் வழக்கு நீர்த்துவிடும்.

அடுத்த அடுக்கு, பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பது. குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்பது பொது விதி. புகார் வந்த இத்தனை மணி நேரத்தில் அடைப்பை எடுக்காவிட்டால் அபராதம் என்று ஒரு நிபந்தனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி இன்னொரு வார்டில் நிற்கிறது, அல்லது சந்துக்குள் நுழையாது. டீசல் செலவு வேறு. கயிறும் வாளியும் ஒரு மனிதரும் அதைவிட மலிவு. ஒப்பந்தக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே இங்கே தேவையில்லை. எழுதப்பட்டிருக்கும் நிபந்தனைகளை ஒழுங்காக ஓட்டினாலே அதன் விடை ஒரு தலித்தை உள்ளே இறக்குவதாகத்தான் வரும். நிரலாளர்கள் மொழியில் சொன்னால், இது எதிர்பாராமல் வந்த பிழையல்ல. நிரல் எழுதப்பட்டபடிதான் ஓடுகிறது.

ஹைதராபாத்தில் 2017இல் நடந்ததைப் பார்ப்போம். அங்கே குடிநீர் வாரியம் குறுகிய தெருக்களுக்குள் நுழையக்கூடிய சிறிய ஜெட்டிங் வண்டிகளைக் கொண்டுவந்தது. மொத்தம் 70. பெரிய வண்டி போகாத சந்துதான் மனிதரை இறக்குவதற்குச் சொல்லப்பட்ட சாக்கு. அந்தச் சாக்கைப் பொறியியல் அடைத்தது. அதோடு விட்டிருந்தால் இதுவும் இன்னொரு கருவிக் கதை. வண்டிகளை ஒரே பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்காமல், தலித் இந்திய வணிகத் தொழிற்கூட்டமைப்பின் துணையோடு தனித்தனி உரிமையாளர்களுக்கு வேலை ஆணை கொடுத்தார்கள். 2019 பிப்ரவரியில் டெல்லி இதைப் பெரிதாக்கியது. 200 வண்டிகள். ஒருவருக்கு ஒரு வண்டிதான், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அந்த வேலையில் இருந்தவர்களுக்கும் முன்னுரிமை, வாங்க வங்கிக் கடன். தமிழ்நாட்டிலும் 2023இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. கழிவுநீர் வண்டிகளை அதன்வழி தூய்மைப் பணியாளர்களுக்கே உரிமையாக்கும் முயற்சி சென்னையிலும் நடந்திருக்கிறது.

இந்த ஊர்களில் மாற்றப்பட்டது என்ன? ஜெட்டிங் தொழில்நுட்பம் பழையது. தகுதி நிபந்தனைதான் புதியது. 'ஒருவருக்கு ஒரு வண்டி' என்ற ஒரு வரி, 200 வண்டிகளையும் ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கிறது. 1967இன் 'அல்லது' செய்த வேலையை இந்த 'ஒருவருக்கு ஒன்று' செய்கிறது.

இதற்கு நம் பக்கத்திலிருந்தே வரும் மறுப்பை நான் மதிக்கிறேன். மலத்தை வாளியில் அள்ளியவரை லாரியில் அள்ளச் சொல்வதா விடுதலை? தலித் முதலாளி என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து, அந்தத் தொழிலோடு அந்தச் சாதியை மறுபடியும் முடிச்சுப்போடுவதா? சாதி தொழிலை மட்டும் பிரிப்பதில்லை, தொழில் செய்யும் மனிதர்களையே படிநிலையில் பிரித்துவைக்கிறது என்று அம்பேத்கர் காட்டிய பிறகு, அதே படிக்குப் பெயின்ட் அடிப்பதா? சரியான கேள்விகள். தலித் முதலாளித்துவம் சாதியை ஒழித்துவிடும் என்று நம்புகிறவன் அல்ல நான். ஆனால் இன்று குழிக்குள் இருப்பவருக்கு நாம் வைத்திருக்கும் மாற்று என்ன? 'முழு விடுதலை வரும்வரை கூலிக்கு இறங்கு' என்பதைவிட, 'வண்டியின் ஆர்.சி. புத்தகம் உன் பெயரில், உள்ளே இறங்கச் சொல்ல உனக்கு மேலே எவனும் இல்லை' என்பது மேலானது. அங்கிருந்து வெளியேறும் வழியையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். சாலை போடவும், குழாய் பதிக்கவும், கணினி வாங்கவும் விடப்படும் டெண்டர்களில் இதே முன்னுரிமை ஏன் இல்லை? ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு முதல் ஆணை இருக்கிறது. அது பெரும்பாலும் எட்டப்படுவதில்லை. மலக்குழி டெண்டரில் மட்டும் நம்மை நினைவுகொள்ளும் அரசைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டெண்டர் எட்டாத இடமும் இருக்கிறது. மரணங்களில் பெரும்பங்கு தனியார் வீடுகள், விடுதிகள், அடுக்குமாடிகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் நடக்கிறது. அங்கே டெண்டரும் கிடையாது, ஆவணமும் கிடையாது. வாட்ச்மேன் ஒரு நம்பருக்கு போன் போடுவார், இருவர் வருவார்கள். அங்கே தேவைப்படுவது வண்டி உரிமம், குழாய் நீளத்துக்கு எட்டுகிற மாதிரி தொட்டியின் மூடி இருந்தால்தான் கட்டட அனுமதி, வீட்டுக்காரர் மீதே வழக்கு போன்றவை. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகை ஒப்பந்தக்காரர், வீட்டு உரிமையாளர் ஆகியோரின் கணக்கில் உண்மையாகவே ஏறும் நாளில்தான் 'ஒரு மனிதர் மலிவு' என்ற கூட்டல் பொய்யாகும்.

பொறியியல் படிக்கும், படித்துவிட்டு ஐடி வேலையில் இருக்கும் இளம் தோழர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஹேக்கத்தானில் அந்தத் தலைப்பு வந்தால் ரோபோவை ஒரு நாள் தள்ளிவையுங்கள். உங்கள் ஊர் நகராட்சி கடைசியாக விட்ட சாக்கடைப் பராமரிப்பு டெண்டரைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 1998 முதல் ஒப்பந்தப்புள்ளிகளுக்கென்றே வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, அரசின் டெண்டர் இணையதளமும் இருக்கிறது. அந்த ஆவணத்தில் வரவுசெலவு நிபந்தனை எவ்வளவு என்று பாருங்கள். உள் ஒப்பந்தத்துக்கு அனுமதி உண்டா, பணம் மீட்டருக்கா புகாருக்கா, ஒரே ஆள் எத்தனை வண்டி வைக்கலாம், ஒப்பந்தக் காலம் வங்கிக் கடனின் காலத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏழு ஆண்டுக் கடனுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தால், மூன்றாம் ஆண்டில் வண்டி மறுபடி பழைய முதலாளியிடம் போய்ச் சேரும். பத்து நகராட்சிகளின் டெண்டர்களை வரிக்கு வரி பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு வார இறுதி போதும். எந்த வரி எங்கிருந்து நகலெடுக்கப்பட்டது என்பது வரை தெரிந்துவிடும். நிரல் படித்த கண்ணுக்கு அது சிரமமே இல்லை.

ஆவணம் தளத்தில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வேலை ஆணையின் நகல், உள் ஒப்பந்த விவரம், கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த வண்டி ஓடிய பதிவேடு ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். பதில் தர அவர்களுக்கு 30 நாள்.